விக்கல் எடுத்த கேட்

“இரும்புதான் அழுவுது பாய், நல்லாப் பாருங்க!”

“அரே, நீங்க பாருங்க சார். சொட்டுறது பூராவும் உங்க ஸ்டெயின்லெஸ்லேர்ந்துதான்!”

குட்வில் எஸ்டேட்டில் இரண்டு வீடுகளுக்குப் பொதுவாக இருக்கும் இழுவைக் கேட் தினமும் காலை ஆறரைக்கு அழத் தொடங்கி ஏழு மணிக்கு ஓயும் என்பதில் திருநாவுக்கரசுக்கும் அப்துல் வாஹித்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எந்தப் பாதி அழுகிறது என்பதில்தான் சண்டை. ஒருவர் வாயில் பிரஷ்ஷோடும் மற்றவர் வெறும் பனியனோடும் நின்று கத்திக்கொண்டிருக்க, கேட் தன் நடு ஒட்டிலிருந்து இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. நாளுக்கு அரை வாளி. மழை பெய்தால் முக்கால் வாளி வரும், ஆனால் அதில் மழைக்கும் பங்கு இருப்பதால் அந்த அளவை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இது நடந்தது 2024 செப்டம்பரில், போர்ட் பிளேயர் என்ற ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய அதே வாரத்தில். பெயர் மாறியதைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. எங்கள் தெருவுக்கு மட்டும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

திருநாவுக்கரசு ஓர் அரசாங்க ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் பொருள்கள் துருப்பிடிப்பதைப் பார்த்து ஓய்வு பெற்றவர். உப்புக் காற்றுக்குத் தப்பியது ஸ்டெயின்லெஸ் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. வீட்டுச் சோப்பு டப்பாகூட ஸ்டெயின்லெஸ்தான். அப்துல் வாஹித்துக்கு அபர்டீன் பஜாரில் இரும்புச் சாமான், பெயின்ட் கடை. இரும்பை வாங்கி, பச்சை பெயின்ட் அடித்து, ஒவ்வொரு ரமலானுக்கு முன்னும் மறுபடி அடித்தால் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும் என்பது அவர் கொள்கை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பொது நடை. இருபத்திரண்டு வருடமாக அதில் இரண்டு குடும்பமும் துணி காயப்போட்டது, மீன் கழுவியது, பிள்ளைகளை அடித்தது. 2004 டிசம்பரில் பூமி ஆடியபோது பதினோரு நாள் ஒரே தார்ப்பாயின் கீழ் அந்த நடையில்தான் எட்டுப் பேரும் கிடந்தார்கள். அப்போதெல்லாம் வராத சண்டை, பழைய மரக் கேட் உளுத்து விழுந்தவுடன் வந்தது.

புதிய கேட் செய்ய வண்டூரிலிருந்து கார்த்திகா வந்தாள். இருபத்தொன்பது வயது, வண்டூர் ரோட்டில் சொந்த வெல்டிங் பட்டறை, ஒரு மிக் மெஷின். அந்த மெஷினில் சுருள் கம்பி துப்பாக்கி வழியாகத் தானே வந்துகொண்டிருக்கும், அவள் அதை உருக்கிக்கொண்டே போவாள். டூரிஸ்ட் படகுகளுக்கு ஏணியும் கைப்பிடியும் வைத்துப் பழகிய கை. நகரத்துக்குள் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான். இது நன்றாக நின்றால் எஸ்டேட் முழுக்கக் கூப்பிடும், நிற்காவிட்டால் மறுபடி படகு ஏணிதான்.

“ஒரே உலோகமா இருந்தா நல்லது அங்கிள்,” என்றாள் அவள். இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் உலோகத்தையே சொன்னார்கள். மூன்று வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு பத்தடிக் கேட்டில் ஐந்தடி ஸ்டெயின்லெஸ், ஐந்தடி பச்சை இரும்பு என்று முடிவானது. நடுவில் மேலிருந்து கீழாக ஓர் ஒட்டு. இப்படி ஒரு கேட்டை இந்தத் தீவில் வேறு யாரும் செய்துகொண்டதில்லை. செய்துகொள்ள வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை.

ஒட்டுக்கு எந்தக் கம்பி என்று கார்த்திகா யோசிக்கும்போதே வாஹித் தன் கடையிலிருந்து ஒரு சுருளைக் கொண்டுவந்து நீட்டினார். செம்பு பூசிய சாதா இரும்புக் கம்பி. “ஊர் பூரா இதுலதான் ஒட்டுது. உன் மெஷினுக்கு மட்டும் என்ன ராஜ வம்சமா?” இதற்கு வேறு கம்பி வேண்டும், மெயின்லேண்டிலிருந்து வரவழைக்க ஒரு மாதமாகும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்த வாரம் திருநாவுக்கரசின் மகள் ப்ரியங்காவைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கேட் இல்லாத வீட்டுக்கு எப்படி மாப்பிள்ளை வருவார்? ஒட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கேட்டைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் கேட் அழத் தொடங்கியது.

வாஹித்தின் மனைவி ஷரீபா அந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கடல் தண்ணி இல்லை, கண்ணீர்தான் என்று தீர்ப்புச் சொன்னார். வீணாக்குவானேன் என்று அதிலேயே எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டார். உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. தெருவில் ஏழு வீட்டுக்கு ஒரு பாட்டில் வந்தது, எங்களுக்கும் வந்தது. குறை சொல்ல முடியாது.

அழுகையை நிறுத்த ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூலைவீட்டுக்காரர் அலுமினியக் கம்பி போடச் சொன்னார். அலுமினியம் அலுமினியத்தோடு மட்டும்தான் சேரும், அதற்குத் தனி கேஸ் வேண்டும், பட்டுப்போல இருப்பதால் குழாய்க்குள்ளேயே இடியாப்பமாகச் சிக்கிக்கொள்ளும் என்று கார்த்திகா பொறுமையாக விளக்கினாள். மூலைவீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “இருந்தாலும் ஒரு தடவை போட்டுப் பாரேன்,” என்றார். திருநாவுக்கரசு மட்டும் உறுதியாக இருந்தார். அழுவது பாயின் கம்பி. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பிதான் போட வேண்டும். ஹாடோ பக்கம் யாரிடமோ இருந்த பாதிச் சுருளை வாங்கிவந்து அவள் கையில் திணித்தார். அது 308. வெறும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அதுதான் சரியான கம்பி, ஆனால் இங்கே பாதி இரும்பாயிற்றே என்று அவள் தயங்கினாள். தயங்கியது இரண்டு வீட்டுக்கும் கேட்கவில்லை. பழைய ஒட்டை அறுத்தெடுத்து 308-ல் ஒட்டினாள்.

அழுகை நின்றது. திருநாவுக்கரசு இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் காலை ஆறரைக்குக் கேட்டுக்கு விக்கல் எடுத்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் தண்டவாளத்தில் துள்ளி விழுந்தது. யாரோ நினைக்கிறார்கள் என்று எதிர்வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். விக்கல் நிற்கவில்லை. தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். அதற்கும் நிற்கவில்லை. வார முடிவில் ஒட்டின் நடுவில் முடியளவு விரிசல் ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது.

அதன்பின் இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள். கத்தாமல் இருந்தது தெருவுக்கே கஷ்டமாக இருந்தது. பேசாமலேயே எப்படியோ ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள்: கேட்டை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது, நடையின் நடுவே சுவர் எழுப்புவது. இருபத்திரண்டு வருடத்தில் இருவரும் முதல்முறையாக ஒரே யோசனையில் இருந்தார்கள். கொத்தனார் ஒச்சப்பன் டிசம்பர் முதல் புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். சிமென்ட் கல் வந்து கேட்டோரம் இறங்கியது.

சுவர் எழும்பினால் திருநாவுக்கரசுக்கு ஒன்றுமில்லை, வாஹித்துக்கும் ஒன்றுமில்லை. சுசீலாவுக்குத்தான் எல்லாம் போய்விடும்.

சுசீலா திருநாவுக்கரசின் மனைவி. ஒரு வருடமாக அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது நடுவில் ஒரு கரண்டி அளவு வெளிச்சம்தான் மிச்சம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ப்ரியங்காவின் கல்யாணப் பேச்சு நிற்கும், தன்னைக் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஏதாவது ஆஸ்பத்திரியில் உட்காரவைப்பார்கள், பிறகு கையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கேயும் போகவேண்டும் என்று பயந்தார். ஷரீபாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். தெருவுக்குத் தெரியும், ஆனால் தெருவுக்கு எல்லாம்தான் தெரியும். நடையில் கணவர் நிறுத்தும் ஸ்கூட்டரில் முழங்காலை இடித்துக்கொள்ளும்போதெல்லாம், “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று திருநாவுக்கரசு கேட்பார். சுசீலா சிரிப்பார்.

பிறர் கையைப் பிடிக்காமல் அவர் நடக்கும் நடை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. காலை ஆறரைக்குத் தன் வாசலிலிருந்து கேட்வரை பதினோரு காலடி. கேட்டின் நடு ஒட்டை உள்ளங்கையால் தொட்டு, அங்கே திரும்பி, ஷரீபாவின் சமையலறைப் படிவரை இருபது அடி. மொத்தம் முப்பத்தொன்று. படியில் உட்கார்ந்து இருவரும் டீ குடிப்பார்கள். நடுவில் சுவர் வந்தால், ரோட்டுக்கு இறங்கி, மூடாத சாக்கடையைத் தாண்டி, ஆட்டோக்களுக்கு வழிவிட்டுச் சுற்றிவர வேண்டும். கேட் ஏன் ஆறரைக்குச் சரியாக அழுதது என்று இரண்டு ஆண்களும் ஒரு நாளும் யோசிக்கவில்லை. நேரம் தவறாமல் அதைத் தொடும் ஒரே கை சுசீலாவுடையது.

ஷரீபா ஒரு நாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, “வா, அந்தப் புள்ளயப் போய்ப் பாப்போம்,” என்று சுசீலாவை வண்டூர் பஸ்ஸில் ஏற்றினார். வழி முழுக்கக் கையை விடவில்லை. கண்டக்டரிடம், தனக்குத்தான் பஸ் என்றால் பயம் என்று கேட்காமலேயே சொல்லிவைத்தார்.

கார்த்திகா பட்டறையில் ஒரு படகு ஏணியை முன்னால் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கேட் விஷயம் பரவியதிலிருந்து வேலை வரவில்லை.

“ஏம்மா, எந்தக் கம்பி போட்டா இது அடங்கும்? பட்டுன்னு சொல்லு,” என்றார் ஷரீபா.

“309 லாத்தா,” என்றாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு லாத்தா; சுசீலா ஷரீபாவை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்கும் அப்படியே வந்துவிட்டது. “ஸ்டெயின்லெஸ் பக்கத்துல வச்சு உருக்குனா, இரும்பு ஒட்டுக்குள்ள இருக்கிற குரோமியம், நிக்கல் சரக்கைக் குடிச்சிரும். சாதா கம்பியில குடிக்கவே ஒண்ணுமில்ல, அதான் அழுதுச்சு. 308-ல அளவாத்தான் இருக்கு. இரும்பு குடிச்சதும் வறண்டு போயி வெடிச்சிருச்சு. 309-ல கூடவே போட்டிருப்பாங்க. குடிச்சது போகவும் மிச்சம் இருக்கும்.”

“எங்க வீட்டு இரும்பும் முப்பத்தஞ்சு வருசமா என்னைக் குடிக்குது,” என்றார் ஷரீபா. “அதுக்கு எந்த நம்பர் கம்பி?”

சுசீலா சிரிக்கவில்லை. “புதன்கிழமைக்குள்ள வருமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

விக்கல் ஆரம்பித்த மறுநாளே கார்த்திகா சென்னைக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். நான்கு வகைச் சுருள்; கேட்டுக்கு 309 ஒன்று, பட்டறைக்கு மூன்று. புயல் என்று கப்பல் சென்னையிலேயே ஆறு நாள் நின்றது. திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. சரக்குப் பொறுப்பிலிருந்த பிரவீன்குமார் என்ற இளைஞன் அந்தப் பெட்டியை மழை ஒழுகும் மூலையில் வைத்திருந்தான். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பிளாஸ்டிக் என்று இருந்ததால் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஒட்டியிருந்த கம்பிப் பெயர்ச் சீட்டுகள் மட்டும் கூழாகிவிட்டன. பையன் மரியாதை தெரிந்தவன். தானே பஸ் பிடித்து வண்டூருக்குப் பெட்டியைக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டான். கார்த்திகா அவனைத் திட்டிய திட்டு, பாக்கு காயப்போட்டிருந்த களத்துக்கு அந்தப்பக்கம்வரை கேட்டதாம்.

செம்பு நிறக் கம்பியைப் பார்த்ததுமே தள்ளிவைத்தாள். அலுமினியத்தைத் தூக்கினாலே தெரிந்தது, எடையே இல்லை. மிச்சம் இரண்டு சுருள், 308 ஒன்று, 309 ஒன்று. நிறம் ஒன்று, எடை ஒன்று, தடிமன் ஒன்று. தவறானதைப் போட்டால் மறுபடி விக்கல், புதன்கிழமை சுவர்.

செவ்வாய்க்கிழமை மதியம் மெஷினையும் இரண்டு சுருளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்தாள். விரல் நீள இரும்புத் துண்டையும் ஸ்டெயின்லெஸ் துண்டையும் ஒரு சுருளால் ஒட்டினாள். அதேபோல இன்னொரு ஜோடியை இன்னொரு சுருளால் ஒட்டினாள். இரண்டையும் ஷரீபாவின் சமையலறைப் படியில் வைத்துவிட்டு, மூன்று பெண்களும் காத்திருந்தார்கள். ஒரு தூறல் வந்து போனது. பார்த்ததில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சுசீலாதான், “நான் கேக்குறேன்,” என்று இரண்டையும் கையில் எடுத்து ஒவ்வொன்றாகக் காதில் வைத்தார். வலது கையில் இருந்தது, குழந்தைக்கு வருவதுபோல, மிகச் சின்னதாக ஒரு தடவை விக்கியது. இடது கையில் இருந்தது சும்மா இருந்தது. சும்மா என்றால் சும்மா இல்லை. “தூங்குற மாதிரி மூச்சு விடுது,” என்றார் சுசீலா. கார்த்திகா இடது கைச் சுருளை மெஷினில் மாட்டினாள்.

கேட்டின் இரண்டு பாதியையும் இம்மி பிசகாமல் யாராவது பிடிக்க வேண்டும். “ரெண்டு அங்கிளும் வாங்க,” என்றாள். ஆளுக்கொரு வாசலில் நின்று பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மற்றவர் வரமாட்டார் என்ற நம்பிக்கையில் இறங்கி வந்துவிட்டார்கள். கண்ணுக்கு மறைப்பாக அவளிடம் உபரியாக ஒரே ஒரு கறுப்புக் கண்ணாடி வைத்த கைப்பிடி ஷீல்டுதான் இருந்தது. அதனால் வாரக்கணக்கில் பேசாத இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அதற்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காட்சிக்காகத் தெருவில் நாலு வீட்டில் குழம்பு தீய்ந்தது.

“ஒண்ணுமே தெரியலையே பாய்,” என்றார் திருநாவுக்கரசு. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. கம்பி எரியத் தொடங்கியது. “இப்பவும் நடுவுல துளியூண்டு வெளிச்சந்தான். சுத்தி ஒரே இருட்டு. இதை வச்சிக்கிட்டு அந்தப் பொண்ணு எப்படிப்பா வேலை பாக்குது?”

வாஹித்துக்கு விஷயம் தெரியும். அவருக்கு ஷரீபா சொல்லியிருந்தார், சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

“உங்க வீட்டுல அவங்களுக்கு ஒரு வருசமா இப்படித்தான் சார் தெரியுது,” என்றார்.

கேட் அசையவில்லை. அது நல்லது, அசைந்திருந்தால் ஒட்டு கோணியிருக்கும். திருநாவுக்கரசு ஷீல்டுக்குப் பின்னாலேயே நின்றார். ஒட்டி முடித்து, மெஷினை அணைத்து, கார்த்திகா “போதும் அங்கிள், விடுங்க,” என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் முகத்தை எடுக்கவில்லை. வாஹித்தும் கூடவே நின்றார். பிறகு திருநாவுக்கரசு நேராகப் போய் ஸ்கூட்டரை நடையிலிருந்து தள்ளிக்கொண்டு போய் ரோட்டோரம் நிறுத்தினார். பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் வைத்தார். சுசீலா படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்று வந்து கேட்டார் திருநாவுக்கரசு.

“சொன்னா நீங்க கையைப் பிடிச்சுக்குவீங்க,” என்றார் சுசீலா.

அவர் பிடிக்கவில்லை. இதைத் தெருவே கவனித்தது. மறுநாள் ஆறரைக்கு சுசீலா நடந்தபோது அவர் வாசலில் நின்று வாய்க்குள் எண்ணியதோடு சரி. புதன்கிழமை வந்த ஒச்சப்பனுக்கு டீ கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. கல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்கு ஒரு கோழிக்கூடு கட்டிக்கொண்டார். பெரிய கூடு. கேட் அழவுமில்லை, விக்கவுமில்லை. ஊறுகாய் தீர்ந்தபோது ஷரீபா சாதா உப்பு வாங்கினார்.

இனி மற்றவை. பக்கத்து வீட்டுப் பையன், இந்த வீட்டுப் பெண், நடுவில் ஒட்டுப்போட்ட கேட் என்று சிலர் வேறு முடிவுக்குக் காத்திருந்தார்கள், காத்திருந்ததே மிச்சம். ப்ரியங்கா கோயம்புத்தூர் மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டாள். கேட்டைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாத குடும்பம் நல்ல குடும்பம் என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாளாம். வாஹித்தின் மகன் சுஹைல் கீழக்கரையில் மர்ஜானா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு சென்னையில் இருக்கிறான். போனில் அப்பாவுக்கு பெயின்ட் பற்றி ஆலோசனை சொல்கிறான். பிரவீன்குமார் மன்னிப்புக் கேட்பதற்காக வண்டூருக்கு எட்டு மாதம் வந்துகொண்டிருந்தான். கடைசியில் கார்த்திகா மன்னித்தாள், கல்யாணம் சிம்பிளாக நடந்தது. இப்போது அவளுக்கு வரும் சுருள்களில் அவனே கம்பியின் பெயரைப் பொறித்த தகட்டைக் கட்டி அனுப்புகிறான். எஸ்டேட்டில் அவள் வைத்த கேட் இதுவரை பதினாலு. எல்லாம் ஒரே உலோகம். அதை மட்டும் அவள் இனி விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பதினான்கு மாதம் சுசீலா தன் முப்பத்தொரு அடியைத் தானே நடந்தார். பிறகு ப்ரியங்காவுக்குக் குழந்தை பிறந்தது, கோயம்புத்தூரில் கண்ணுக்கும் வைத்தியம் என்று ஆனது, சுசீலாவும் திருநாவுக்கரசும் வீட்டை ஒரு தெலுங்குக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுக் கப்பலேறினார்கள். புறப்படும் நாளில் கேட் அழும் என்று வாளியோடு நின்றவர்கள் ஏமாந்தார்கள். ஐந்தாம் நாள், கப்பல் சென்னையைத் தொட்ட மறுநாள், காலை ஆறரைக்குக் கேட்டுக்கு விக்கல் எடுத்தது.

வாஹித் பதறிப்போய் கார்த்திகாவை வரவழைத்தார். அவள் ஒட்டை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், காதை வைத்துப் பார்த்தாள். “ஒட்டு கல்லு மாதிரி இருக்கு அங்கிள். யாரோ நினைக்கிறாங்க, அவ்ளோதான்,” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள்.

அதிலிருந்து தினமும் நடக்கிறது. பதினோரு விக்கல், ஒரு நிறுத்தம், பிறகு இருபது. ஷரீபா அடுப்பருகில் நின்று எண்ணுவார். முப்பத்தொன்று ஆனதும், “வந்துட்டா,” என்று டீயை இறக்கி, போனை எடுத்துக்கொண்டு படியில் உட்காருவார். தெலுங்குக் குடும்பத்துக்கு முதல் வாரம் தூக்கம் கெட்டது, இப்போது அலாரம் வைப்பதில்லை. போன மாதம் ஒரு நாள் மட்டும் இருபத்தெட்டோடு நின்றுவிட்டது. ஷரீபா உடனே போன் போட்டார். கோயம்புத்தூர் பால்கனியில் அந்த முப்பத்தொரு அடியை நடக்கும்போது சுசீலாவுக்குப் படியில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கியிருந்தது. திருநாவுக்கரசு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கேட் சும்மா இருந்தது. நாலாம் நாள் முப்பத்தொன்றும் வந்தது, கொஞ்சம் நொண்டியபடி.